எகிப்தின் ஷாதியா: செல்லப் பாட்டுப் பாடிய பெண் எப்படி ஃபுஆதா ஆனார்?

மாலைக்காட்சி:

எல்லோருக்கும் வணக்கம். எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸ் நாவல்களைப் படமாக்கியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு போனதில் ஷாதியா என்ற நடிகையிடம் வந்து சேர்ந்தேன். மஹ்ஃபூஸின் நான்கு நாவல்களுக்கு வந்த படங்களில் இவர் நடித்திருக்கிறார். அதோடு நிறுத்தாமல் 1969இல் வந்த 'ஷெய் மின் அல் கௌஃப்' படத்தையும் பார்த்தேன். அது மஹ்ஃபூஸ் கதை இல்லை, ஸர்வத் அபாஸா எழுதிய நாவல். ஃபுஆதா என்ற கிராமத்துப் பெண்ணாக வருகிறார். ஊரையே நடுங்க வைக்கும் அத்ரீஸ் என்ற தலைவனுக்கு முன்னால் குரலை உயர்த்தாமல் அவர் நிற்கிற நிற்பு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, இவ்வளவு பெரிய நடிகை வேறு என்ன செய்திருக்கிறார் என்று தேடினால் கிடைப்பதெல்லாம் ஐம்பதுகளின் பாட்டுக் காட்சிகள்தான். பூப்போட்ட கவுன், தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு சிரிப்பு, சின்னப் பெண் கொஞ்சுவது போன்ற குரல். 'திரையின் செல்லம்' என்று அப்போது பட்டமே கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பெண்தான் அந்தப் பெண் என்று நம்புவதற்கே கஷ்டமாக இருக்கிறது.

இவர் பாடகியாக இருந்து நடிக்க வந்தவரா, நடிகையாக இருந்து பாடியவரா? எந்தப் படத்தில் இந்த மாற்றம் நடந்தது? உச்சத்தில் இருந்துவிட்டு 1986இல் முழுவதுமாக ஒதுங்கிவிட்டார் என்றும் படித்தேன், அது ஏன்? அரபி சினிமா தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

நைல்காற்று:

நல்ல கேள்வி. நான் இவருடைய படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாகப் போகும்.

இயற்பெயர் பாத்திமா அஹமத் கமால் ஷாகிர். 1931 பிப்ரவரி 8 கெய்ரோவில் பிறந்தவர், அப்பா விவசாயப் பொறியாளர். 1947இல் 'அல் அக்ல் ஃபி அகாஸா' என்ற படத்தில் கதாநாயகியாக வந்தபோது வயது பதினாறுதான். அந்தப் படத்தைத் தயாரித்து, இசையமைத்து, அதில் ஜோடியாகவும் நடித்தவர் முஹம்மத் ஃபௌஸி. இயக்குநர் ஹில்மி ரஃப்லாவுக்கும் அதுதான் முதல் படம். பாடகியா நடிகையா என்று கேட்டீர்கள், அந்தக் காலக் கெய்ரோவில் இரண்டையும் பிரித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது. போர் முடிந்த கையோடு எகிப்தில் படத் தயாரிப்பு மளமளவென்று பெருகியது, பாட்டு இருந்தால் படம் ஓடும் என்ற கணக்கு. குரலும் முகமும் ஒருசேர வாய்த்த பெண்களைத் தயாரிப்பாளர்கள் வலை வீசித் தேடிய நேரம் அது. ஷாதியா இரண்டும் இருந்ததால் வந்தார், இரண்டுக்கும் சேர்த்தே வாய்ப்புக் கிடைத்தது.

பிரச்சினையும் அங்கேயே ஆரம்பித்தது. அடுத்த பத்து வருடத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஒரே வேடம்தான். துடுக்கான பெண், கமால் அல் ஷின்னாவி காதலன், இஸ்மாயில் யாசீன் சிரிக்க வைப்பார், நடுவில் நாலு பாட்டு, கடைசியில் கல்யாணம். இந்த வரிசையில் வந்த படங்களை எண்ணி முடியாது, மொத்தமாக நூற்றுக்கு மேல் நடித்தவர், அதில் பெரும் பங்கு இந்தக் கணக்கில்தான் சேரும். படங்கள் ஓடின, பணம் வந்தது, அதனால் வேறு வேடம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் கேட்ட மாற்றம் நடந்தது 1959இல், 'அல் மர்அ அல் மஜ்ஹூலா' படத்தில். தலைப்புக்கு அடையாளம் தெரியாத பெண் என்று பொருள். மஹ்மூத் துல்ஃபிகார் இயக்கியது, மூலம் ஒரு பழைய பிரெஞ்சு நாடகம். கணவன் தப்பாகச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டுத் துரத்துகிறான், குழந்தையிடமிருந்து பிரிக்கிறான், அவள் தெருவுக்கு வந்து சீரழிந்து போகிறாள். வருடங்கள் கழித்து, தன்னை வைத்து மகனை மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறவனைக் கொன்றுவிட்டுக் கூண்டில் நிற்கிறாள். அவளுக்காக வாதாட வருகிற இளம் வக்கீல் அவளுடைய மகன், அது அவனுக்குத் தெரியாது. நரைத்த தலை, குழி விழுந்த கன்னம். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பேசுவதைப் பார்க்கிற பார்வையில், தன் கதி என்ன ஆகும் என்ற கவலையே இருக்காது, பிள்ளை இவ்வளவு நன்றாகப் பேசுகிறானே என்ற பெருமைதான் இருக்கும். அப்போது அவருக்கு வயது 28. மகனாக நடித்த ஷுக்ரி சர்ஹான் 1925இல் பிறந்தவர், அதாவது 'அம்மா'வை விட ஆறு வயது பெரியவர். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் அந்தக் காட்சியில் ஒரு நொடி கூட உறுத்தாது.

மூன்றே வருடத்தில், 1962இல், அதே ஷுக்ரி சர்ஹானோடு மஹ்ஃபூஸின் 'அல் லிஸ் வல் கிலாப்'. இதில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்து பழிவாங்கத் துடிக்கிற சயீத் மஹ்ரான், இவர் அவனுக்கு அடைக்கலம் கொடுக்கிற நூர் என்ற விலைமாது. மகன் என்று பார்த்து அழுதவனைக் காதலனாகப் பார்த்தும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் நடிப்பு எந்த இடத்துக்குப் போயிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடம் ஹசன் அல் இமாம் இயக்கத்தில் 'ஸுகாக் அல் மிதக்', 1964இல் 'அத் தரீக்', 1969இல் 'மீராமார்'. மஹ்ஃபூஸுக்கு நோபல் கிடைத்தது 1988இல்தான். அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே அவருடைய பெண்களைக் கெய்ரோவின் சாதாரண ஜனங்கள் ஷாதியாவின் முகத்தில் பார்த்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் ஐம்பதுகளின் படங்களை அப்படியே ஒதுக்கிவிட்டு 1959இலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள், எதுவும் குறைந்துவிடாது.

---

ஒலிநாடா:

நைல்காற்று சொன்ன வரலாறு சரி, கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஐம்பதுகளை ஒதுக்கினால் ஷாதியாவில் பாதியை ஒதுக்கியதாக அர்த்தம், அந்தப் பாதியில்தான் அவர் நடிப்பையே கற்றுக்கொண்டார்.

அந்தப் பாட்டுகளைச் சும்மா கொஞ்சல் என்று கடந்து போகிறவர்கள் முனீர் முராத் என்ற பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய பாடகியும் நடிகையுமான லைலா முராதின் தம்பி, இசையமைப்பாளர். 1951இல் 'லைலத் அல் ஹின்னா' படத்துக்காக ஷாதியா பாடிய 'வாஹித் இத்னேன்' என்ற பாட்டில்தான் அவர் கவனத்துக்கு வந்தார். ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிற சின்னப் பாட்டு. அரபு இசையில் அன்றைக்குப் பெரிய விஷயம் என்றால் உம் குல்தூம் மேடையில் நின்று ஒரே பாட்டை ஒரு மணி நேரத்துக்கு விரித்துப் பாடுவது. ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகப் பாட, கூட்டம் மயங்கிப் போகும். ஷாதியாவுக்கு அந்தக் குரல் வளம் கிடையாது, அதற்கு அவர் முயலவும் இல்லை. மூன்று நான்கு நிமிடத்தில், மைக்குக்கு மிகப் பக்கத்தில், பேசுகிற அளவுக்கு மெதுவாக, நடுவில் ஒரு சிரிப்போ பெருமூச்சோ வைத்துப் பாடுகிற வேறொரு வழியை இவரும் முனீர் முராதும் சேர்ந்து உருவாக்கினார்கள். இன்றைக்கு அரபு பாப் என்று கேட்கிறோமே, அதில் பெண்கள் பாடுகிற விதத்துக்கு வேர் எங்கே என்று கேட்டால் நான் இங்கேதான் கை காட்டுவேன்.

'இன் ராஹ் மின்னக் யா ஐன்' கேட்டுப் பாருங்கள், அதுவும் முனீர் முராத் மெட்டுதான். தன் கண்ணைப் பார்த்தே பேசுகிற மாதிரி ஒரு பெண் பாடுகிறாள், அவன் உன்னை விட்டுப் போய்விட்டாலும் என் மனதை விட்டு எங்கே போவான் என்று. வார்த்தையில் தைரியம் இருக்கிறது, குரலில் பயம் இருக்கிறது. வசனத்துக்கு அடியில் இன்னொன்றை ஒளித்து வைப்பதுதான் நடிப்பு என்றால் அதை இவர் பாட்டிலேயே பண்ணிவிட்டார். நீங்கள் சொன்ன 1959 படத்திலேயே கூட, குழந்தையைக் கொஞ்சிப் பாடுகிற 'சயித் அல் ஹபாயிப்' இல்லாவிட்டால் நீதிமன்றக் காட்சிக்கு அவ்வளவு கனம் வந்திருக்காது. அம்மாவாக அவரை முதலில் நம்ப வைத்தது அந்தப் பாட்டு.

பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸோடு நடித்த மூன்று படங்களையும் விட்டுவிடக் கூடாது. 1955இல் அவர் திரைக்கு வந்த வருடமே 'லஹ்ன் அல் வஃபா'வில் ஜோடி ஷாதியா. அன்றைக்கு ஷாதியாதான் நட்சத்திரம், ஹலீம் புதுப் பையன். அடுத்தது 1956இல் வண்ணத்தில், சினிமாஸ்கோப்பில் வந்த 'தலீலா'. 1967இல் 'மஅபூதத் அல் ஜமாஹீர்' வரும்போது ஹலீம் அரபு உலகத்தின் உச்சியில் இருக்கிறார். கதையும் கிட்டத்தட்ட அதேதான், புகழ்பெற்ற பாடகி ஒருத்திக்கும் மேலே வரத் துடிக்கிற ஒரு இளைஞனுக்கும் நடுவில் நடப்பது. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் எகிப்தியப் பாட்டுப் படம் பன்னிரண்டு வருடத்தில் எங்கிருந்து எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

---

மாலைக்காட்சி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஷுக்ரி சர்ஹான் விஷயம் ஆச்சரியம்தான், 'அல் லிஸ் வல் கிலாப்' பார்த்தபோது எனக்கு இது தெரியாது. யாராவது 'ஷெய் மின் அல் கௌஃப்' பற்றியும் சொல்லுங்களேன். அந்தப் படம் அதிபர் நாசர் காலத்திலேயே எப்படி வெளியே வந்தது? அத்ரீஸ் என்பது யார் என்று சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியுமே.

---

திரைமேசை:

அதைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த படம்.

1969இன் எகிப்தை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 1967 ஜூனில் இஸ்ரேலிடம் ஆறே நாளில் தோற்று, சினாய் முழுவதும் போய், ஜனங்கள் வாயடைத்துப் போயிருந்த நேரம். பத்திரிகையில் எழுத முடியாததைக் கதைக்குள் வைத்துச் சொன்னார்கள். தஹாஷ்னா என்று ஒரு கிராமம், வரி கேட்டு, கொள்ளை அடித்து, சுட்டுக் கொன்று அதை ஆள்கிறான் அத்ரீஸ். சின்ன வயதில் ஃபுஆதாவும் அவனும் விளையாட்டுத் தோழர்கள், அன்றைக்கு அவன் நல்ல பையன். தாத்தா அவனைத் தன்னைப் போலவே மாற்றிவிட்டுச் சாகிறார். மஹ்மூத் முர்ஸி தாத்தாவாகவும் பேரனாகவும் இரண்டு வேடத்திலும் வருவார்.

ஊரைத் தண்டிக்க அத்ரீஸ் வாய்க்கால் தண்ணீரை அடைத்துவிடுகிறான். வயல் வெடித்துக் கிடக்கிறது, ஆண்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபுஆதா நேராக மதகுக்குப் போய்த் தன் கையாலேயே திறந்துவிடுகிறாள். தண்ணீர் பாய்ந்து வரும்போது ஊரே ஓடி வந்து அதில் இறங்குகிறது. அந்த இடத்தில் ஷாதியாவுக்கு வசனமே கிடையாது. ஐம்பதுகளில் அவரைத் தாங்கி நின்ற அத்தனையும், சிரிப்பு, கண் சிமிட்டல், குரலின் குழைவு, ஒன்று கூட இங்கே இல்லை. கருப்பு உடையில், முகத்தில் எதுவும் பூசாமல், ஒரு வேலையைச் செய்து முடிக்க வந்தவள் மாதிரி வருகிறாள், முடிக்கிறாள். மதகைத் திறந்தவளை அத்ரீஸால் கொல்ல முடியாது, ஏனென்றால் அவள்மேல் அவனுக்கு ஆசை. அதனால் கட்டாயக் கல்யாணம். அவள் சம்மதிக்கவில்லை, அவள் சார்பில் பொய்யாகச் சம்மதம் சொல்லி எழுதிவிடுகிறார்கள். சம்மதமில்லாத கல்யாணம் செல்லாது என்று ஷேக் இப்ராஹிம் ஊருக்கு எடுத்துச் சொல்கிறார், அதற்குப் பதிலாக அவர் மகனைக் கொல்கிறார்கள். மகனின் உடலைச் சுமந்துகொண்டு, அத்ரீஸ் ஃபுஆதா கல்யாணம் செல்லாது, செல்லாது என்று முழங்கியபடி தீப்பந்தங்களோடு ஊர் திரண்டு வருகிற கடைசிக் காட்சியை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், நான் சொல்லத் தேவையில்லை. அந்த முழக்கம் எகிப்தில் பழமொழி போலவே ஆகிவிட்டது, ஆளத் தகுதியில்லாதவன் ஆள்கிறான் என்று சொல்ல இன்றைக்கும் அதைத்தான் எடுத்துவிடுவார்கள்.

கல்யாணப் பெண் ஃபுஆதா எகிப்து, வலுக்கட்டாயமாகக் கட்டிக்கொண்டவன் நாசர் என்று தணிக்கைக்காரர்களுக்கும் புரிந்துதான் இருந்தது. படத்தை முடக்கி வைத்தார்கள். கடைசியில் விஷயம் நாசர் வரைக்கும் போய், அவரே பார்த்துவிட்டு வெளியிடச் சொன்னார். ஆட்சியில் இருந்தவர் அதை ஏன் அனுமதித்தார் என்பதைப் பற்றி எகிப்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், நான் எதையும் உறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. படம் திரைக்கு வந்தது என்பதுதான் முக்கியம். 1996இல் விமர்சகர்கள் தேர்ந்தெடுத்த எகிப்தின் 100 சிறந்த படங்களில் இதுவும் இருக்கிறது, 'அல் லிஸ் வல் கிலாப்'பும் இருக்கிறது.

இயக்குநர் ஹுசைன் கமால், பாட்டும் உரையாடலும் அப்துல் ரஹ்மான் அல் அப்னூதி, இசை பலீக் ஹம்தி. ஊர் ஜனங்களின் கோரஸ்தான் கதையை நகர்த்திக்கொண்டே போகும். மேல் எகிப்தைச் சேர்ந்த கவிஞர் அப்னூதி, அந்த மண்ணின் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, வசனத்தில் அது தெரியும்.

ஒலிநாடாவோடு ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போகிறேன். பாடத் தெரிந்தவர்தான் எங்கே பாடாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்து நிற்க முடியும்.

---

பூவரசு:

எல்லோரும் சோகப் படங்களையே சொல்கிறீர்கள். இவர் சலாஹ் துல்ஃபிகாரோடு செய்த நகைச்சுவைப் படங்களை யாரும் தொடவே இல்லையே. எனக்கு ஷாதியா என்றால் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். சலாஹ் அவருடைய கணவராகவும் இருந்தவர், மேலே சொன்ன மஹ்மூத் துல்ஃபிகாரின் தம்பி.

1966இல் ஃபதீன் அப்துல் வஹாப் இயக்கிய 'மிராத்தி முதீர் ஆம்'. தலைப்பே என் மனைவி பொது மேலாளர் என்பதுதான். ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணவன் பொறியாளர், அங்கேயே மேலதிகாரியாக மனைவி நியமனம் ஆகி வருகிறாள். அலுவலகத்தில் அவர்கள் கணவன் மனைவி என்று யாருக்கும் தெரியாது. பெண்ணுக்குக் கீழே வேலை செய்வதா என்று முணுமுணுக்கிற ஆண்கள், தாடியைத் தடவிக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள், வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற கணவன். 1956 அரசியல் சட்டம் எகிப்தில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது, 1962இல் ஹிக்மத் அபூ ஸைத் முதல் பெண் அமைச்சர் ஆனார். சட்டம் மாறிவிட்டது, வீட்டுக்குள் என்ன மாறியது என்று இந்தப் படம் கேட்கிறது. ஷாதியா இதில் குரலை வைத்தே இரண்டு பெண்களைக் காட்டுவார். அலுவலக மேசைக்குப் பின்னால் வாக்கியம் சின்னதாக, நேராக வரும். வீட்டில் அதே குரல் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் சாய்ந்து வரும். நீங்கள் எல்லாம் செல்லக் குரல் என்று சொல்கிறீர்களே, அதை எப்போது போட்டுக்கொள்வது, எப்போது கழற்றி வைப்பது என்று நன்றாகத் தெரிந்த ஒரு பெண்ணை அவர் அங்கே நடித்துக் காட்டுகிறார். ஐம்பதுகளைத் தானே திரும்பிப் பார்த்துப் பேசுகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

1968இல் 'அஃப்ரீத் மிராத்தி' வேறு. கணவன் எப்போதும் வேலை வேலை என்று இருக்க, சினிமாவே கதி என்று கிடக்கிற மனைவி தான் பார்க்கிற படங்களின் நாயகியாகவே மாறிப்போகிறாள். ஒரே படத்தில் அவர் எத்தனை விதமாக மாறுகிறார் என்று பார்ப்பதற்காகவே பார்க்கலாம். சோகம் நடித்தால் பெரிய நடிகை, சிரிக்க வைத்தால் சின்ன நடிகை என்று கணக்குப் போடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது, ஷாதியா விஷயத்திலாவது அதை விட்டுவிடுவோம்.

---

மாலைக்காட்சி:

பூவரசு சொன்ன இரண்டையும் குறித்துக்கொண்டேன். மேடையிலும் நடித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் அந்த 1986 விஷயம்?

---

நைல்காற்று:

மேடையில் ஒரே ஒரு நாடகம்தான், எண்பதுகளின் தொடக்கத்தில் 'ரய்யா வ சகீனா'. இயக்கம் ஹுசைன் கமால், பாட்டுக்கு பலீக் ஹம்தி, அதாவது 'ஷெய் மின் அல் கௌஃப்' கூட்டணி. அலெக்ஸாண்டிரியாவில் பெண்களை வீட்டுக்கு வரவழைத்துக் கொன்று நகையைப் பறித்து, 1921இல் தூக்கிலிடப்பட்ட அக்கா தங்கையின் உண்மைக் கதை. அதை நகைச்சுவையாக்கி மேடை ஏற்றினார்கள். சகீனாவாக வந்தவர் சுஹைர் அல் பாப்லி, மேடையிலேயே வளர்ந்தவர். ஐம்பது வயதில் முதல் முறையாக மேடை ஏறி, அப்படி ஒருவர் பக்கத்தில் நின்று ஈடு கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பதிவு இருக்கிறது, பார்த்தால் தெரியும்.

கடைசிப் படம் 1984இன் 'லா தஸ்அல்னி மன் அனா'. வறுமையால் பெற்ற மகளைப் பணக்காரிக்குக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் வேலைக்காரியாக இருந்து அவளை வளர்க்கிற தாய். 1959இல் மகனுக்கு முன்னால் அம்மா என்று சொல்ல முடியாமல் நின்றவர், 25 வருடம் கழித்து மகளுக்கு முன்னால் அப்படியே நிற்கிறார்.

1986இல் நபி பிறந்தநாளை ஒட்டி நடந்த விழாவில் 'கோத் பிஈதி' என்ற பக்திப் பாட்டைப் பாடினார், வெள்ளை உடையில். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஹிஜாப் அணிந்துகொண்டு, சினிமா, பாட்டு, மேடை எல்லாவற்றையும் விட்டார். பலர் இதைத் தனி ஒரு பெண்ணின் திடீர் முடிவாக எழுதுகிறார்கள். எழுபதுகளின் கடைசியிலிருந்து எகிப்தில் மதப்பற்று பெருகி வந்தது, தொலைக்காட்சியில் மத அறிஞர் ஷேக் ஷஅராவியின் உரைகளை நாடே உட்கார்ந்து கேட்டது, ஷம்ஸ் அல் பாரூதி போன்ற நடிகைகள் ஷாதியாவுக்கு முன்பே விலகிவிட்டார்கள். அவரோடு நடித்த சுஹைர் அல் பாப்லியும் தொண்ணூறுகளில் விலகினார். என் வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. 55 வயது, அம்மா வேடங்களும் பாட்டி வேடங்களும் காத்திருந்த வயது. அந்தப் படங்கள் நமக்குக் கிடைக்காமலே போய்விட்டன.

---

ஒலிநாடா:

எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் அவர் போன விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. நாற்பது வருடம் ஊர் முழுக்கப் பார்த்த முகம், அதற்குப் பிறகு முப்பது வருடம் பெரும்பாலும் யார் கேமராவிலும் சிக்கவில்லை. வயதான காலத்தில் பழைய பாட்டையே பாடிக்கொண்டு மேடை ஏறியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. முடிவு அவருடையது, அவர் வாழ்க்கை.

அவர் ஒதுங்கினாலும் குரல் ஒதுங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முஹம்மத் ஹம்ஸா எழுதி பலீக் ஹம்தி மெட்டமைத்த 'யா ஹபீப்தி யா மஸ்ர்' பாட்டை 2011இல் அரசை எதிர்த்துக் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் கூடிய இளைஞர்கள் பாடினார்கள். அவர் பாடுவதை நிறுத்தியபோது அவர்களில் பலர் பிறந்தே இருக்க மாட்டார்கள். நாட்டுப் பற்றுப் பாட்டு என்றால் அணிவகுப்பு மாதிரி முழங்க வேண்டும் என்ற வழக்கத்தை உடைத்த பாட்டு அது, காதலியைக் கூப்பிடுகிற மாதிரி நாட்டைக் கூப்பிடுவார்.

அதே பலீக் ஹம்தி இசையில் 'கூலூ லி ஐன் அஷ் ஷம்ஸ்' என்று ஒன்று. என் காதலன் நாளைக் காலையில் புறப்படுகிறான், சூரியனே சுட்டெரிக்காதே என்று போகும். மூல வரி கிராமத்து மக்கள் பாட்டு. பிரதமர் புட்ரோஸ் காலியைச் சுட்டுக் கொன்றதற்காக 1910இல் தூக்கிலிடப்பட்ட இப்ராஹிம் அல் வர்தானிக்காக ஜனங்கள் பாடியது என்று எகிப்தில் சொல்வார்கள். இந்தப் பின்னணியோடு கேட்டால் அந்த மெல்லிய குரல் வேறு மாதிரி ஒலிக்கும்.

2017இல் கெய்ரோ சர்வதேசத் திரைப்பட விழாவின் 39ஆம் பதிப்பை அவருக்கு அர்ப்பணித்தார்கள். விழா நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 28 அன்று, இறந்துபோனார்.

---

மாலைக்காட்சி:

எல்லோருக்கும் நன்றி. 'அல் மர்அ அல் மஜ்ஹூலா'வை முதலில் பார்த்துவிட்டு 'மிராத்தி முதீர் ஆம்' போகலாம் என்று இருக்கிறேன். 'மீராமார்' மட்டும் ஒரு சந்தேகம். நாவலில் ஸொஹ்ரா இளம்பெண், ஷாதியாவுக்கு அப்போது 38 வயது. பொருந்துகிறதா?

---

திரைமேசை:

முதல் பத்து நிமிடம் வயது கண்ணில் படும், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். கிராமத்திலிருந்து ஓடி வந்து, அலெக்ஸாண்டிரியாவில் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே தங்கியிருக்கிற ஆண்கள் எல்லோரும் ஆளுக்கொரு கணக்கோடு தன்னைப் பார்க்கும்போது, எனக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று அவள் உட்கார்ந்து பாடம் படிக்கிற இடம் வந்ததும் வயது மறந்துவிடும். ஃபுஆதாவும் ஸொஹ்ராவும் ஒரே வருடத்துப் படங்கள், இரண்டிலும் கிராமத்துப் பெண், இரண்டிலும் அவளை எகிப்தாகவே பார்க்கிறார்கள். ஃபுஆதாவுக்குப் பின்னால் ஊர் திரண்டு வந்தது, ஸொஹ்ராவுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. நாவலைப் படித்திருக்கிறீர்கள் என்றால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுங்கள்.